"உயிரணு கெட்டுவிட்டதாமே, டாக்டர்?"

கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையின் அறிக்கையோடு என் ஆய்வகத்துக்கு ஒரு பெண் வந்தார். "என் உயிரணு கெட்டுவிட்டதாமே, டாக்டர்? இனிமேல் குழந்தை பிறக்காதா?" குரல் கம்மியிருந்தது. அறிக்கையில் இருந்தது, சில செல்களில் லேசான மாற்றம் என்பதுதான். அதைத் தமிழில் சொன்னவர் 'உயிரணு' என்றிருக்கிறார். அகராதிப்படி சரிதான். ஆனால் நம் விளம்பரங்களிலும் வார இதழ்களிலும் அந்தச் சொல் பெரும்பாலும் விந்தணுவுக்கே புழங்குகிறது. தன் கருமுட்டை கெட்டுவிட்டது என்றல்லாமல் அவர் வேறெப்படிப் புரிந்துகொள்வார்?

செல் என்றால் அறை, அவ்வளவுதான். லத்தீன் 'செல்லா'விலிருந்து வந்த சொல்; சிறிய அறை, பண்டம் வைக்கும் உள்ளறை என்று பொருள். துறவி தனித்திருக்கும் அறை, தேனடையின் கண்ணறை, சிறைக் கொட்டடி எல்லாமே ஆங்கிலத்தில் செல்தான். செல்போனில் இருப்பதும் அதுவே. கோபுரங்களுக்காக ஊரைப் பிரித்த சிறு பரப்புகளின் பெயர். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். ஓர் அங்குல நீளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றறைகள்! தேனடையை ஒத்த அவற்றுக்கு இந்தப் பெயரை வைத்தார். தக்கை செத்த திசு. அவர் கண்டது சுவர்களை மட்டுமே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. உள்ளே எதையோ ஏந்தியிருப்பது என்ற பொருள் தொனிப்பதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

அந்தப் பெண்ணுக்கு அவருடைய சிலைடையே காட்டினேன். சாயமேறிய செல்கள் இளஞ்சிவப்பும் நீலப்பச்சையுமாகப் பரந்து கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் பொட்டு வைத்ததுபோல் உட்கரு. நாலைந்தில் மட்டும் அந்தப் பொட்டு மூன்று மடங்கு பெருத்திருந்தது. "இவை கருப்பை வாயின் மேற்பரப்பிலிருந்து எடுத்தவை அம்மா. கருமுட்டைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை" என்றேன்.

இத்தகைய லேசான மாற்றம் புற்றுநோய் அல்ல. பலருக்கு அது ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றால் வருவது. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சரியாகாமல் நீடித்தால்கூடப் புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு அது விரைவாக நேரலாம். இவ்வளவு அவகாசம் இருந்தும், ஒரு சொல்லுக்குப் பயந்து மறுபரிசோதனைக்கே போகாமல் பெண்கள் வீட்டில் முடங்கிவிடுவது என்னை மிகவும் வருத்துகிறது. அறிக்கை கைக்கு வந்ததும் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த இடத்துச் செல், எவ்வளவு மாற்றம், அடுத்த பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். புரியும்வரை எழுந்து வராதீர்கள். 30 வயதைக் கடந்த பெண்கள், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெண் இன்னொரு முறை நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு அன்றே மாதிரி கொடுத்துவிட்டுப் போனார்.