இரண்டு தண்ணீர்த் தொட்டியில் ஒரு நீர் மாத்திரை

2003 கிரிக்கெட் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவில் தொடங்கும் நேரத்தில் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன் நாடு திரும்ப வேண்டியதாயிற்று. அவர் சிறுநீரில் ஹைட்ரோகுளோரோதயசைடு, அமிலோரைடு என்ற தடைசெய்யப்பட்ட இரண்டு மருந்துகள் இருந்தன. அம்மா கொடுத்த நீர் மாத்திரை என்றார். ஓராண்டு தடை விழுந்தது. ரத்தக்கொதிப்புக்கும் கால் வீக்கத்துக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் விழுங்கும் அதே வகை மாத்திரைதான்.

அதைப் போட்டால் பந்து கூடுதலாகச் சுழலாது. சரி, பிறகு ஏன் தடை? உடம்பு நீரை வடித்து எடையைச் சட்டென்று குறைக்கும் என்பதால் மல்யுத்தத்திலும் குத்துச்சண்டையிலும் அதற்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சிறுநீர் நீர்த்துப்போவதால் வேறு ஊக்கமருந்தின் தடயமும் மங்கும். அதனால்தான் மாதிரி எடுக்கும் இடத்திலேயே அடர்த்தியைப் பார்க்கிறார்கள். மிகவும் நீர்த்திருந்தால் வீரர் காத்திருந்து மறுபடி கொடுக்க வேண்டும்.

முன்பு ஆய்வகங்களில் வாயு குரோமட்டோகிராபிதான், அதாவது மாதிரியை ஆவியாக்கி அதிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் முறை. இந்த மருந்துகள் எளிதில் ஆவியாகாதவை. முதலில் மெத்தில் அயோடைடு சேர்த்து மூலக்கூறை மாற்ற வேண்டும், அப்புறம்தான் கருவிக்குள் செலுத்தலாம். இப்போது திரவ குரோமட்டோகிராபி வந்துவிட்டதால், சிறுநீரைக் கொஞ்சம் நீர்க்கவைத்து அப்படியே செலுத்தினாலும் போதும். கலவை ஒரு மெல்லிய குழாய்க்குள் ஓடும்போது ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய நிமிடத்தில் வெளியே வருகிறது.

குழாய் முனையில் உயர் மின்னழுத்தம். துளிகள் சாரலாகச் சிதறி உலர, மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகள், அவற்றின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் நுழைகின்றன. லாசிக்ஸ் என்று நாம் அறிந்த ஃபியூரோசமைடை எடுத்துக்கொள்வோம். ஒரு புரோட்டானை இழந்து அது 329 என்ற எடையோடு வருகிறது. முதல் வடிகட்டி 329-ஐ மட்டும் உள்ளே விடும். அடுத்த அறையில் வாயு மூலக்கூறுகளோடு மோதி அது உடைகிறது. கார்பன் டை ஆக்சைடு கழன்றால் 44 குறைந்து 285. இன்னொரு துண்டும் பிய்ந்து போனால் 80 குறைந்து 205.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: வார்னிடம் அகப்பட்ட ஹைட்ரோகுளோரோதயசைடை உடைத்தாலும் 205 கிடைக்கும்! ஆனால் அது உள்ளே நுழையும்போது 296. உடைந்தால் 269-ம் தரும். ஆகவே ஒரே எண்ணை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முழு எடை, துண்டுகள், அவற்றின் விகிதம், வெளிவந்த நிமிடம் எல்லாமே அசல் மருந்தோடு ஒத்துப்போக வேண்டும். பிறகும் வீரர் கேட்டால், முத்திரையிட்டு வைத்த இரண்டாவது புட்டியையும் திறந்து சோதிப்பார்கள்.

கருவிகள் கூர்மையாகக் கூர்மையாக வேறொரு சிக்கல் வந்தது. தொழிற்சாலையில் வேறு மாத்திரையோடு ஒட்டிக்கொண்ட துளித் தூள்கூடப் பிடிபட்டது. ஒன்றும் அறியாத வீரர் மாட்டிக்கொள்ளும் நிலை. 2021 ஜூனிலிருந்து இப்படிக் கலக்க வாய்ப்புள்ள ஆறு நீர் மருந்துகளுக்கு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை (WADA) எல்லை வைத்தது. அதற்குக் கீழே என்றால் பொதுவாகப் புகார் இல்லை. இது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டிய நியாயம். அந்த எல்லையும் எவ்வளவு சிறியது தெரியுமா? மொட்டைமாடியில் இருக்கும் 1000 லிட்டர் தொட்டிகள் இரண்டை நிரப்பி, அந்தத் தண்ணீர் முழுவதிலும் 40 மில்லிகிராம் லாசிக்ஸ் ஒன்றைக் கரைத்தால் வரும் அளவு.