தோம்பில் கேஸ் இருக்கிறது, அடுப்பு ஏன் சிணுங்குகிறது?

போன பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு மச்சான் தானா ராத்தாவிலிருந்து போன் செய்தார். தாப்பாவில் பழைய லயத்துக்குப் பக்கத்தில் செம்பனை நிழலில் நிறுத்தி வைத்திருக்கும் கேரவனை இழுத்துக்கொண்டு, குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போயிருந்தார். தோம்பு என்று நாங்கள் சொல்வது கேஸ் சிலிண்டரை. "தோம்பைத் தூக்கிப் பார்த்தேன், கேஸ் இருக்கு. ஆனா அடுப்பு மெழுகுவத்தி மாதிரி எரியுது, பிரிட்ஜும் ஐஸ் பிடிக்கல. அடுப்பைக் கழட்டிப் பார்க்கவா?"

"வேண்டாம், அடுப்பைத் தொடாதீங்க. தோம்பைத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கா?" என்றேன். இருந்தது. அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு வேர்த்து நனைந்திருந்தது.

கேஸ் சாமான் எது மக்கர் செய்தாலும் நாம் முதலில் அந்தச் சாமானைத்தான் கழற்றுகிறோம். கேரவனில் அடுப்பு, பிரிட்ஜ், சுடுதண்ணீர் ஹீட்டர் எல்லாம் ஒரே தோம்பிலிருந்து, ஒரே ரெகுலேட்டர் வழியாக வாங்கிக்கொள்கின்றன. அதனால் தோம்பிலிருந்து தொடங்கி, கேஸ் போகிற வழியிலேயே நாமும் போக வேண்டும். பாதிக் கோளாறு சாமானுக்கு வந்து சேர்வதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.

தோம்பை ஆட்டினால் தளும்புகிற சத்தம் கேட்கிறதே, அது அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும் திரவம். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேன் -42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், பியூட்டேனுக்கு -0.5 டிகிரி வேண்டும். தாப்பாவின் 30 டிகிரி வெயிலில் தனிப் புரோப்பேனை அடைத்து வைத்தால் அது காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் முட்டும், தனிப் பியூட்டேன் மூன்று மடங்கைக்கூட எட்டாது. இரண்டும் கலந்தால் அழுத்தம் நடுவில் எங்கோ நிற்கும்.

இனி முக்கியமான விஷயம். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். கையில் சானிடைசர் ஊற்றினால் ஜில்லென்று ஆகிறது இல்லையா, அதேதான் தோம்புக்குள்ளும் நடக்கிறது. ஒவ்வொரு கிராம் ஆவியாகும்போதும் மிச்சத் திரவம் குளிர்கிறது, அந்த வெப்பத்தை வெளிக்காற்று இரும்புச் சுவர் வழியாக ஈடுகட்ட வேண்டும். தோம்பு நிறைய இருந்தால் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் அதிகம், வெப்பம் தாராளமாக உள்ளே வரும். கால்வாசிதான் மிச்சம் என்றால் தொடுகிற சுவரும் குறைவு. அதோடு, கலவையில் முந்திக்கொண்டு ஆவியாவது புரோப்பேன்தான், அடியில் தங்குவது பெரும்பாலும் சோம்பலான பியூட்டேன். ராத்திரி பதினைந்து பதினாறு டிகிரிக்கு இறங்குகிற தானா ராத்தாவில், கடைசிக் கால் தோம்பை வைத்துக்கொண்டு இரண்டு அடுப்பும் ஹீட்டரும் ஒன்றாக ஓட்டினால் திரவம் பூஜ்யத்தை நோக்கிப் போகிறது, பியூட்டேனும் ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. தூக்கினால் கனக்கிறது, ஆனால் தேவையான வேகத்தில் ஆவி வரவில்லை. மச்சானுக்கு நடந்தது இதுதான். மறுநாள் தாப்பாவுக்கு இறங்கியிருந்தால் அதே தோம்பு நன்றாக எரிந்திருக்கும், அவரும் அடுப்பைப் பழித்துக்கொண்டே இருந்திருப்பார்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கேரவன் தோம்புகளில் ஏறக்குறைய முழுக்கவே புரோப்பேன் நிரப்புவது இதனால்தான், பனியிலும் அது ஆவியாகிக்கொண்டிருக்கும்.

அந்த ராத்திரிக்கு வழி, ஒரு நேரத்தில் ஒரே சாமானை ஓட்டுவது, முடிந்தால் நிறைந்த தோம்புக்கு மாறுவது. தோம்பை அடுப்புப் பக்கம் நகர்த்திச் சூடேற்றுவதும், கொதிநீரில் உட்கார வைப்பதும் கூடவே கூடாது. கேஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வெதுவெதுப்பான தண்ணீரைத் தோம்பின் ஒரு பக்கமாக மெதுவாக ஊற்றி, மேலிருந்து கீழே உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். சட்டென்று சில்லிடும் இடம்தான் திரவத்தின் மட்டம். தராசு இருந்தால் இன்னும் சரி, வெறுந்தோம்பின் எடை தோம்பிலேயே போட்டிருக்கும், கழித்துக்கொள்ளலாம்.

தோம்பில் குறை இல்லையா, அடுத்தது நாங்கள் கெப்பாலா கேஸ் என்று சொல்லும் ரெகுலேட்டர். அத்தனை அழுத்தத்தையும் அது சுமார் 2.8 கிலோபாஸ்கலுக்கு இறக்கித் தருகிறது. ஒரு ஸ்ட்ராவை 28 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் விட்டு, அடியிலிருந்து குமிழி வரும்படி ஊதிப் பாருங்கள், அவ்வளவுதான் அந்த அழுத்தம். ரெகுலேட்டருக்கு மூச்சு விட ஒரு சின்ன ஓட்டை உண்டு. தோட்டத்துப் பக்கம் நிறுத்தி வைத்த வண்டியில் குளவி அந்த ஓட்டையில் மண் பூசிவிடும், அப்புறம் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு சரியாக அசையாது. சோதனை சுலபம்: ஓர் அடுப்பைப் பற்ற வைத்துச் சுடரைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதையும் ஹீட்டரையும் திறங்கள். முதல் சுடர் லேசாகக் குறைந்தால் பரவாயில்லை. சுருண்டு போனால் ரெகுலேட்டரையோ மடங்கிய ஹோஸையோ சந்தேகப்படுங்கள். இன்னொன்று, அமெரிக்க வகை இணைப்புள்ள கேரவனில் தோம்பு வால்வை வெடுக்கென்று திறந்தால், ஹோஸ் அறுந்துவிட்டதென்று பாதுகாப்பு அமைப்பு நினைத்துக்கொண்டு கேஸை நெருக்கிவிடும். மூடி, கொஞ்ச நேரம் விட்டு, மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

பிறகுதான் சுடர். ஒரு பங்கு புரோப்பேன் முழுசாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டையுள்ள பித்தளை ஜெட்டிலிருந்து கேஸ் பாயும்போது அந்தப் பாய்ச்சலே பக்கத்துக் காற்றில் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு பர்னர் குழாய்க்குள் போகிறது, மிச்சத்தைச் சுடர் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்கிறது. சுடர் நீலமாக, கூர்மையாக நின்றால் கலவை சரி. மஞ்சளாகி, நீண்டு, சட்டியின் அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை: குழாயில் சிலந்தி வலை இருக்கலாம், துரு இருக்கலாம், கரப்பான் பூச்சி முட்டை இருக்கலாம். குழாயைக் கழற்றி பிரஷ் விட்டுத் துடைத்தால் போதும். ஜெட்டுக்குள் மட்டும் ஊசி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்றது, ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் கேஸ் கூடிப்போகும். ஆல்கஹாலில் ஊற வைத்து ஊதினால் போதும்.

பற்றிக்கொள்கிறது, குமிழை விட்டதும் அணைகிறதா? அப்படியென்றால் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்த முனையைச் சூடாக்கினால் சின்ன மின்சாரம் பிறக்கும், 1821-இல் சீபெக் கண்டது. சில மில்லிவோல்ட்தான், ஆனாலும் அதுதான் ஒரு காந்தத்தைப் பிடித்து வால்வைத் திறந்து வைக்கிறது. சுடர் அணைந்தால் முனை ஆறி, வால்வு தானாக மூடிக்கொள்ளும். முனையில் கரி, தளர்ந்த இணைப்பு, சுடருக்கு வெளியே நகர்ந்த முனை, இந்த மூன்றையும் பாருங்கள். புதுத் தோம்பு மாட்டியதும் பிரிட்ஜ் பற்றவே இல்லை என்றால் குழாயில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். அடுப்பைக் கொஞ்ச நேரம் எரிய விட்டு, அப்புறம் பிரிட்ஜைப் பற்ற வையுங்கள்.

பிரிட்ஜ்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். நெருப்பை மூட்டி ஐஸ் செய்கிறது! பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு சுவீடன் மாணவர்கள் 1922-இல் ஸ்டாக்ஹோமில் உருவாக்கியது. உள்ளே மோட்டார் கிடையாது, அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும்தான். சின்னச் சுடர் அம்மோனியா கரைந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது, சோறு பொங்கும்போது கஞ்சி மேலே ஏறுவதுபோலக் குமிழிகள் திரவத்தைத் தூக்கிவிடுகின்றன. பிரிந்த அம்மோனியா பின்பக்கக் குழாயில் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் வழிகிறது. அங்கே அழுத்தத்தில் பெரும்பங்கை ஹைட்ரஜன் ஏற்றுக்கொள்வதால் அம்மோனியா கடுங்குளிரிலேயே ஆவியாகிறது, பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கடைசியில் தண்ணீர் அதைத் திரும்பக் கரைத்துக்கொண்டு, தன் எடையாலேயே கீழே வழிந்து கொதிகலனுக்குப் போகிறது. பள்ளம் பார்த்து ஓடுகிற ஓட்டம் என்பதால் வண்டி சாய்ந்து நின்றால் திரவம் குழாயில் தேங்கிவிடும். சுடர் அழகாக எரியும், குளிர் வராது. அப்படியே நாள்கணக்கில் ஓட்டினால் கொதிகலன் காய்ந்து, துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் கட்டிதட்டிக் குழாயை அடைத்துவிடும், அதற்குப் பிறகு பிரிட்ஜைக் காப்பாற்ற முடியாது. மச்சானை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி பிரீசர் அடித்தளத்தில் வைக்கச் சொன்னேன். ஒரு ஓரம் ததும்பியது, எதிர் ஓரம் தெரிந்தது. சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து நேராக்கினார். பலன் தெரிய விடியும்வரை பொறுக்க வேண்டும், இந்த வகை பிரிட்ஜ் நிதானமாகத்தான் குளிரும்.

எந்த இணைப்பைக் கழற்றி மாட்டினாலும் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள். புரோப்பேனுக்குச் சொந்த வாசனை இல்லை, நாம் முகர்வது சேர்த்துவிடும் எத்தில் மெர்காப்டானை. துரியான் பழத்திலும் அதே பொருள் உண்டு. தாப்பாவில் துரியான் காலத்தில் மூக்கை மட்டும் நம்ப முடியாது, நுரை பொய் சொல்லாது. ஹோஸ் கழுத்தில் கடுகு அளவு குமிழி மெதுவாக ஊதிப் பெருத்தால்கூட அந்த ஹோஸை மாற்றிவிட வேண்டும்.

புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர்போலத் தரையில்தான் தேங்கும். அது வெளியே ஓடத்தான் கேரவன் தரையில் ஓட்டை விட்டிருக்கிறார்கள், அடுப்புக்குப் புதுக் காற்றும் அந்த வழியாக வருகிறது. காற்று குறைந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு பிறக்கும், தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், கடைசியில்தான் கேட்டேன். "தரையில ஒரு கம்பி வலை ஓட்டை இருக்குமே, திறந்திருக்கா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "பிள்ளைங்களுக்குக் குளிருதுன்னு பேப்பர் வச்சு அடைச்சுட்டேன்" என்றார்.

போனை வைக்காமலே அடுப்பை அணைக்கச் சொன்னேன், கதவைத் திறக்கச் சொன்னேன். பேப்பரை உருவி எடுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் போனை வைத்தேன்.