ஷண்டிங் இன்ஜினை நிறுத்தும் நாளிலேயே செய்ய வேண்டிய வேலைகள்

உருக்காலையோ சிமெண்ட் ஆலையோ துறைமுகமோ, வேகன் வந்துபோகும் வளாகமாக இருந்தால் சைடிங் எனும் கிளைத் தண்டவாளத்தின் கோடியில், வேகன்களை இடம் மாற்றித் தள்ளும் பழைய ஷண்டிங் இன்ஜின் ஒன்று புல் மண்டி நிற்கும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நிறுத்தியிருப்பார்கள். முப்பது நாற்பது வருட உழைப்பில் தேயாத பாகங்கள்கூட, சும்மா நின்ற இரண்டு மழைக்காலத்தில் வீணாகிவிடும். விற்பதா, மாற்றிக் கட்டுவதா, காட்சிக்கு வைப்பதா, உடைப்பதா என்பது பிறகு முடிவாகட்டும். இன்ஜினை அணைக்கும் அன்றைக்கே சில வேலைகளை முடித்துவிட்டால் எந்த வழியும் அடைபடாது.

முதல் எதிரி தண்ணீர். புகைபோக்கி மேலே பார்த்துத் திறந்திருக்கிறது. மழைநீர் அதன் வழியாக இறங்கி, எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நிற்கும் சிலிண்டருக்குள் தேங்கும். தார்ப்பாய் காற்றில் கிழிந்துவிடும், தகர மூடி போட்டுக் கட்டுங்கள். குளிர்விப்புத் தண்ணீரை பிளாக், ரேடியேட்டர், ஆயில் கூலர், கேபின் ஹீட்டர் குழாய் என எல்லா இடத்திலிருந்தும் வடிக்க வேண்டும். அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் உப்புப் படிவம் அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். உறைபனி விழும் இடமானால் மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீரே பிளாக்கைப் பிளந்துவிடும். பழைய இன்ஜின்களில் துருத் தடுப்புக்குக் குரோமேட் கலப்பது வழக்கமாக இருந்தது. அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. வடியும் தண்ணீர் மஞ்சளாக இருந்தால் மண்ணில் விடாமல் டிரம்மில் பிடித்து, சோதித்த பிறகே அகற்றுங்கள்.

பேட்டரியைக் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். டீசலால் ஜெனரேட்டரைச் சுழற்றி, அந்த மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டும் பல டீசல்-எலக்ட்ரிக் இன்ஜின்களில் 32 செல், 64 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருக்கும். அப்படியே விட்டால் கசியும் அமிலம் பெட்டியைத் தின்று, பிறகு சட்டத்தையும் தின்னும். ஜெனரேட்டரிலும் சக்கரத்தைச் சுழற்றும் டிராக்‌ஷன் மோட்டாரிலும் கார்பன் பிரஷ்களைத் தூக்கி வையுங்கள். ஈரக்காற்றில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் பிரஷ் உரசும் கம்யூட்டேட்டர் செம்பில் அந்த இடம் அரித்துத் தழும்பாகிவிடும். ரோலர் பேரிங் உள்ள இன்ஜினைச் சில மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து மீட்டராவது நகர்த்துங்கள், இல்லாவிட்டால் உருளைகள் நின்ற இடத்திலேயே குழி விழும்.

நெடுநாள் நின்ற இன்ஜினை மறுபடி ஓட்டும்போது நடக்கும் தவறு ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதுப் பேட்டரி வந்ததும் ஆசையோடு ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். சிலிண்டரில் ஒரு குவளைத் தண்ணீர் இருந்தாலும் அது அமுங்காது. டீசல்-எலக்ட்ரிக்கில் பெரும்பாலும் மெயின் ஜெனரேட்டரே ஸ்டார்ட்டர் மோட்டாராகவும் வேலை செய்வதால், சுழற்றும் வலுவில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சில நேரம் சிலிண்டரின் மூடியான ஹெட்டிலேயே விரிசல் விழும். முதலில் எல்லா சிலிண்டரிலும் டெஸ்ட் காக் என்ற சோதனைத் திறப்பைத் திறந்து, இன்ஜினைக் கையால் சுழற்றும் பாரிங் கம்பியால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எந்தக் காக்கிலிருந்தாவது தண்ணீர் பீய்ச்சினால் அங்கேயே நிறுத்தி, சிலிண்டரின் உள்ளுறையான லைனர் கசிகிறதா, ஹெட் கசிகிறதா, வெறும் மழைநீரா என்று கண்டுபிடிக்க வேண்டும். கிராங்க்கேஸ் அடியிலிருந்து எண்ணெய் எடுத்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்குப் பிறகும் நேரே ஸ்டார்ட் கிடையாது. பேரிங்குகள் வறண்டு கிடக்கும், வெளிப் பம்பு வைத்து மேலே வால்வை இயக்கும் ராக்கர் ஆர்ம் வரை எண்ணெய் எட்டும்படி ஏற்ற வேண்டும். மின்பாகத்தை, மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரால் சோதியுங்கள். அதற்கு முன் எலக்ட்ரானிக் கார்டுகளைக் கழற்றி வைப்பது முக்கியம். ஒரு மெகோமுக்கு (பத்து லட்சம் ஓம்) கீழே காட்டினால் வெதுவெதுப்பான காற்று விட்டுப் பல நாள் உலர்த்தியே தீர வேண்டும்.

இடம் மாற்றும்போது கெடுபவையும் கொஞ்சநஞ்சமல்ல. ஷண்டிங் இன்ஜினின் பல்சக்கர விகிதம் மெதுவாக ஓடுவதற்கானது. சரக்கு ரயிலோடு கோத்து வேகமாக இழுத்தால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் அளவுக்கு மீறிச் சுழன்று, கட்டு அறுந்து சுருள்கள் வெளியே பிய்ந்துவிடும். தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்குள் இழுங்கள், இல்லையென்றால் மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியனைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய் வழியாகத் திறனைக் கடத்தும் ஹைட்ராலிக் வகையில் ஆபத்து வேறு. டிரான்ஸ்மிஷனுக்கு எண்ணெய் தரும் பம்பு பொதுவாக டீசல் ஓடினால்தான் ஓடும். டீசல் அணைந்த நிலையில் இழுத்தால் வெளியேற்றுப் பக்கத்து பேரிங்குகள் எண்ணெயில்லாமல் சுழன்று எரியும். சக்கரத்துக்குத் திறனைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்டைக் கழற்றுவது பாதுகாப்பு. சக்கரங்களை வெளியே இணைக்கும் சைடு ராடு உள்ள இன்ஜினில் தொலைதூரப் பயணத்துக்கு ராடுகளைக் கழற்றினால் இடது-வலது, முன்-பின் என்று ஒவ்வொன்றிலும் குத்தி அடையாளமிடுங்கள். ராடின் துளையிலுள்ள ஒவ்வொரு புஷ்ஷும் தான் மாட்டியிருந்த சக்கர முளையோடு சேர்ந்தே தேய்ந்திருப்பதால் மாற்றிப் போட்டால் பொருந்தாது. டிரெய்லரில் ஏற்ற கிரேன் வந்தால், தூக்குவதற்கு முன், சக்கரத் தொகுதிகளான போகிகளைச் சட்டத்தோடு சங்கிலியால் பிணைக்க மறக்காதீர்கள்.

இனி மறுவாழ்வு. சட்டமும் போகியும் மோட்டாரும் நன்றாக இருந்து டீசல் மட்டும் தேய்ந்திருந்தால், அதை ஸ்லக் ஆக மாற்றலாம். டீசலையும் ஜெனரேட்டரையும் எடுத்துவிட்டு அந்த எடைக்குக் கான்கிரீட்டோ இரும்புக் கட்டிகளோ நிரப்பி, தாய் இன்ஜின் எனப்படும் பக்கத்து இன்ஜினிலிருந்து கேபிளில் மின்சாரம் கொடுப்பார்கள். மெதுவாக ஓடும்போது தாய் இன்ஜினின் திறனில் பெரும்பகுதி சக்கரம் வழுக்கிப் பயன்படாமல் போகிறது. ஸ்லக்கின் மோட்டார்கள் அதை வாங்கிக்கொள்ளும். எடையில் ஏறக்குறைய கால்பங்குதான் இழுவிசையாகக் கிடைக்கும் என்பதால் 60 டன் இன்ஜின் 15 டன் இழுவிசை தரும், எடையைக் குறைத்தால் இழுவையும் குறையும். பேட்டரி இன்ஜினாக மாற்றுவதற்கும் இதே காரணத்தால் ஷண்டிங் வகை பொருத்தமானது. பேட்டரியின் பாரம் இங்கே குறையல்ல. பணிநேரத்தில் பெரும்பகுதி ஐட்லிங்கில் கழியும் இன்ஜின் இது, அந்த டீசல் முழுக்க மிச்சம். ஆனால் பணம் போடுமுன் கப்ளிங் பொருந்தும் இடத்தையும் சட்டம் போகி மேல் அமரும் போல்ஸ்டரின் வெல்டையும், விரிசலைக் காட்டும் சாயமான டை பெனட்ரன்ட் போட்டுப் பாருங்கள். சட்டத்தில் விரிசல் இருந்தால் அந்த வண்டியை உதிரிபாகத்துக்கு விடுவதே சரி.

காட்சிக்கு வைப்பவர்கள் வண்டியோடு காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள். வயரிங் வரைபடம், ஏர் ரிசர்வாயர் (அழுத்தக் காற்றுத் தொட்டி) சோதனைச் சான்று, சக்கர அளவுப் பதிவேடு எல்லாம் அலுவலகத்தைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போகின்றன. அமெரிக்காவில் வணிகரீதியாக வெற்றிபெற்ற முதல் டீசல்-எலக்ட்ரிக் ஷண்டிங் இன்ஜின், நியூஜெர்சி சென்ட்ரல் ரயில்வேயின் 1000ஆம் எண். 300 குதிரைத்திறன் கொண்ட அது 1925 முதல் 1957 வரை உழைத்தது. உடைப்புக்குப் போகாமல் இன்று பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

உடைப்பதென்று முடிவானால் கேஸ் கட்டிங் கடைசி வேலையாக இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய துணி, கேபின் உட்பூச்சு, பழைய பிரேக் கட்டை, கான்டாக்டர் எனும் மின் சுவிட்சுகளில் தீப்பொறியை அடக்கும் ஆர்க் சூட் ஆகியவற்றில் கல்நார் இருக்கலாம். பயிற்சி பெற்றவர்கள் நனைத்தே எடுக்க வேண்டும். பழைய கெப்பாசிட்டர்களில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்கலாம். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பிசிபி கருவிகளின் பயன்பாட்டுக்கு 2025ஐயும், கழிவைப் பாதுகாப்பாக ஒழிப்பதற்கு 2028ஐயும் கெடுவாக வைத்திருக்கிறது. ஈயப் பெயிண்ட்டை வெட்டும் கோட்டின் இருபுறமும் சுரண்டிவிட்டே தீ வையுங்கள். காலியான டீசல் தொட்டி நிறைந்த தொட்டியைவிட மோசம், உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கிறது. ஏர் ரிசர்வாயரின் வடிகுழாயைத் திறந்தே வைக்க வேண்டும். வண்டியின் முனையில் மோதலைத் தாங்கும் பஃபருக்குள் சுருள்வில் டன் கணக்கான அழுத்தத்தில் இருக்கிறது. அதன் போல்ட்டைக் கேஸில் அறுத்தால் பஃபர் தலை குண்டுபோல் பாயும். கழற்றும்போது யாரும் அதன் எதிரில் நிற்கக் கூடாது, பிரஸ்ஸில் வைத்து அழுத்தத்தை இறக்கிய பிறகே நட்டில் கை வைக்க வேண்டும்.