வலிப்புநோயாக்கம்: சொல் விளக்கம்

மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடி. காயம் ஆறி, தையல் பிரித்து, வேலைக்கும் போகத் தொடங்கியவர், சில மாதங்கள் கழித்துக் கோலாலம்பூரின் செந்தூல் கடைத்தெருவில் திடீரென்று விழுகிறார், கைகால் இழுக்கிறது. "அடிபட்ட அன்று வராத வலிப்பு இப்போது ஏன் வருகிறது?" என்று வீட்டார் கேட்பார்கள். சரியான கேள்விதான். அந்த இடைவெளியில் மூளைக்குள் நடக்கும் வேலைக்குத்தான் 'எபிலெப்டோஜெனிசிஸ்' என்று பெயர்.

கிரேக்கத்தில் 'எபிலெப்சியா' என்பது பற்றிக்கொள்ளப்படுதல், 'ஜெனிசிஸ்' தோற்றம். நம்மிடமும் இதே எண்ணம் உண்டு: பெரியபுராணத்தில் கொல்லிமழவன் மகளைப் பற்றியது 'முயலகன்' என்னும் நோய். மலாய்ப் பேச்சுவழக்கில் 'கீலா பாபி', அதாவது பன்றிப் பைத்தியம் என்பார்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் நாமும் கால்கை வலிப்பைக் 'காக்காய் வலிப்பு' ஆக்கி, பாவம், காகத்தை வம்புக்கு இழுத்தவர்கள். விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கமும் இன்னும் போகவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே போதும்.

சொல்லின் உட்பொருளுக்கு வருவோம். மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி காயப்பட்டால், பக்கத்து நரம்பணுக்களை அடக்கிவைக்கும் அணுக்கள் சில மடிகின்றன. பிழைத்திருக்கும் தூண்டும் அணுக்கள் புது இழைகளை விடுகின்றன. அவை போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் தம் இனத்து அணுக்கள் மீதே திரும்பிப் படர்கின்றன. ஒன்று தூண்டினால் கூட்டமே தூண்டப்படும் சுழல் இப்படி அமைகிறது. இந்தப் படர்தல் நோய்க்குக் காரணமா, விளைவா என்ற வாதம் தீரவில்லை. 1960களில் மூளை ஆய்வாளர் கிரகாம் கொடார்ட் எலிகளின் மூளைக்குத் தினமும் மிகச் சிறிய மின்தூண்டல் கொடுத்தார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. நாள்கள் செல்லச் செல்ல, அதே அளவு மின்சாரத்துக்கே வலிப்பு வந்தது. மின்சாரம் மாறவில்லை, மூளை மாறியிருந்தது. வலிப்பு ஒரு புள்ளியில் பிறப்பது என்ற பழைய பார்வையும் மாறியது. பன்னாட்டு வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010இல் தந்த விளக்கத்தில், வலிப்பு எழுவது நரம்பு வலைப்பின்னலுக்குள்.

தமிழில் 'வலிப்புத் தோற்றம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒருமுறை இழுப்பது வலிப்பு. மீண்டும் மீண்டும் இழுக்கும் இயல்பு மூளையில் நிலைத்துவிடுவது வலிப்புநோய். 'வலிப்புத் தோற்றம்' என்றால் முதலாவதன் தொடக்கம் என்றே படும். அதற்கு 'வலிப்பெழுச்சி' இருக்கட்டும். 'நோயாக்கம்' ஏற்கனவே வழங்கும் சொல் என்பதால் 'வலிப்புநோயாக்கம்' இயல்பாகப் பொருந்துகிறது. முதல் வலிப்போடு அது முடிந்துவிடுவதில்லை, பிறகும் தொடரலாம் என்ற பொருளுக்கும் 'ஆக்கம்' இடம் கொடுக்கிறது.

எடுத்துக்காட்டு: தலைக்காயத்துக்குப் பின் வலிப்புநோயாக்கம் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நீளலாம்.

மருந்தின் பெயரையும் இதையொட்டித் திருத்த வேண்டும். தலைக்காயம் பட்டவர்களுக்கு ஃபெனிட்டாயின் என்னும் வலிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. முதல் வாரத்து வலிப்புகள் குறைந்தன; பின்னர் வருபவற்றை அது தடுக்கவில்லை. ஆகவே அது 'வலிப்படக்கி'தான், 'வலிப்புநோய்த் தடுப்பு மருந்து' அல்ல.