ஒரே ஒரு குரோமோசோம் பாக்கி இருந்தாலும்

வாய் குறுகிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அடிப்பாகம் மட்டும் நனையும்படி ஒரு பெரிய வெங்காயத்தை உட்கார வைத்தால், இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் இறங்கிவிடும். வேரின் நுனியைக் கொஞ்சமாக நறுக்கி, அமிலத்தில் லேசாகச் சூடாக்கி, சாயம் ஏற்றி, மெல்லிய கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி நசுக்குங்கள். மைக்ரோஸ்கோப்பில் செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரியும். பெரும்பாலானவற்றில் உருண்டையாக ஓர் உட்கரு, அவ்வளவுதான். பொறுமையாகத் தேடினால் ஏதோ ஒரு செல்லில் நூல் சிக்கியதுபோல் ஒன்று கண்ணில் படும். அந்தச் செல் பிரிந்துகொண்டிருக்கிறது. 1882இல் ஜெர்மன் விஞ்ஞானி வால்தர் ஃபிளெமிங் இதற்கு மைட்டாசிஸ் என்று பெயர் வைத்ததும் நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான். அவர் பார்த்தது சாலமாண்டர் என்ற, பல்லி போன்ற நீர்நில வாழ்வியின் குஞ்சுகளின் செல்களை.

உருண்டைகள் அதிகமாகவும் நூல்கள் அரிதாகவும் இருப்பதற்குக் காரணம் நேரக்கணக்கு. ஆய்வகத்தில் வளரும் மனித செல் ஒருமுறை பிரிய சுமார் 24 மணி நேரம் ஆகிறது. அதில் மைட்டாசிஸுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் தயாரிப்பு. முதலில் ஜி1 கட்டத்தில் செல் வளர்கிறது. எஸ் கட்டத்தில் டிஎன்ஏ முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. ஒரு மனித செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் இரண்டு மீட்டர் வரும். அப்புறம் ஜி2 கட்டத்தில் நகல் சரியாக முடிந்ததா என்ற சரிபார்ப்பு.

நகலெடுத்த பிறகு ஒவ்வொரு குரோமோசோமும், அதாவது டிஎன்ஏ சுற்றிவைக்கப்பட்ட ஒவ்வொரு நூலும், இரட்டை. அசலையும் நகலையும் கொஹீசின் என்ற புரத வளையம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மைட்டாசிஸ் தொடங்கியதும் இவை இறுகச் சுருண்டு தடிக்கின்றன. செல்லின் இரு துருவங்களிலிருந்தும் நுண்குழல்கள் என்ற மெல்லிய கதிர் இழைகள் நீள்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை இந்தப் பக்கத்து இழையும் மற்றதை அந்தப் பக்கத்து இழையும் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் இருபுறமும் இழுபட்டு, குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக வந்து நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வரிசை முக்கால்வாசி அமைந்துவிட்டது என்று செல் அவசரப்படுவதில்லை. இழை பிடிக்காத ஒரே ஒரு குரோமோசோம் ஓரத்தில் நின்றாலும் போதும், அது ‘பொறு’ என்று வேதிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். மொத்த செல்லும் காத்திருக்கும். 1990களில் ஒரு சோதனை செய்தார்கள். கடைசியாகப் பாக்கியிருந்த குரோமோசோமில் இழை ஒட்ட வேண்டிய பகுதியை மட்டும் லேசரால் பொசுக்கினார்கள். செய்தி அனுப்ப ஆளில்லை. செல் காத்திருப்பதை விட்டுவிட்டுப் பிரியத் தொடங்கியது!

எல்லாம் பிடிபட்டுவிட்டால் அந்தச் செய்தி நின்றுபோகும். உடனே செபரேஸ் என்ற நொதி விடுபட்டு, கொஹீசின் வளையங்களை வெட்டும். அத்தனை ஜோடிகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பிரிந்து எதிரெதிர்த் துருவங்களுக்கு நகரும். அதற்குப் பின் நம் செல்கள் இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியதுபோல் நடுவில் சுருங்கி இரண்டாகும். வெங்காய செல்லுக்குக் கெட்டியான சுவர் இருப்பதால் அது நடுவில் புதுச் சுவர் எழுப்பிக்கொள்கிறது.

இழைகளே உருவாகாமல் தடுத்தால்? அதைச் செய்யும் பொருள் நம் ஊர்ச் செடியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதிலிருந்து கோல்ச்சிசின் எடுக்கப்படுகிறது. இந்த நஞ்சு நுண்குழல்களைக் கட்டும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் இழைகள் உருவாவதில்லை. இழை இல்லையென்றால் குரோமோசோம்களின் ‘பொறு’ ஓயாது. செல்கள் அந்த நிலையிலேயே தேங்கி நிற்கும், குரோமோசோம்கள் நன்றாகத் தடித்து, எண்ணுவதற்கு வாகாக.

மனித செல்லில் 48 குரோமோசோம்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. ஸ்வீடனின் லண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் கோல்ச்சிசின் கொடுத்துச் செல்களை நிறுத்தி, உப்புச்செறிவு குறைந்த கரைசலில் உப்பவைத்து, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி எண்ணினார்கள். 1956இல் வெளியான அவர்களுடைய கணக்கு 46.