ஏஎஸ்ஏ டயலைத் திருப்பினால் ஃபிலிம் மாறாது

இந்த மாதமும் ஒரு நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா ரிப்பேருக்கு வந்துவிட்டது. "அண்ணே, மீட்டர் போச்சுண்ணே. பாதிப் படம் இருட்டாயிருச்சு." சோதித்துப் பார்த்தால் ஒளியை அளக்கும் அந்த மீட்டரில் ஒரு குறையும் இல்லை. போட்டிருந்த ரோலின் வேகம், அதாவது ஏஎஸ்ஏ, 100. டயல் நிற்பதோ 1600-இல்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு கல்யாணம். வெயில் விழும் முற்றத்தில் 100 வைத்து ஒழுங்காக எடுத்த தம்பி, இரண்டாம் கட்டுக்குள் போனதும் டயலைத் தூக்கி 1600-க்குத் திருப்பிவிட்டார். டிஜிட்டல் பழக்கம். நெகட்டிவை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன். குத்துவிளக்குச் சுடரும் கழுத்துருத் தாலியில் பட்ட மினுக்கமும் மட்டும் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. மற்றதெல்லாம் வெறும் பிளாஸ்டிக். திட்டு மட்டும் லேப்காரருக்கு.

எத்தனை பேருக்குத்தான் சொல்வது! ஃபிலிமின் வேகம் தயாரிக்கும்போதே முடிந்துபோன விஷயம். உள்ளே என்ன ரோல் இருக்கிறது என்று மீட்டருக்கு நாம் சொல்வதற்குத்தான் அந்த டயல். 1600 என்று பொய் சொன்னால் மீட்டர் அதை நம்பும். ஷட்டர் 1/15 நொடி திறக்க வேண்டிய இடத்தில் 1/250 போதும் என்று, 'சரி' காட்டும் நடு வட்டத்தை எரியவிடும். ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதி; இது நாலு ஸ்டாப் அண்டர். தேவையான ஒளியில் பதினாறில் ஒரு பங்குதான் ஃபிலிமில் விழும். டயலைத் திருப்பியதால் ஃபிலிமுக்கு ஒரு துளி வேகமும் கூடவில்லை.

"லேபில் புஷ் பண்ணலாமே?" அதாவது கூடுதல் நேரம் டெவலப் செய்வது. பண்ணலாம். ஆனால் கழுவுவது முழு ரோலையும். முற்றத்தில் எடுத்ததைத் தனியாக ஒதுக்கிவைக்க முடியாது. புஷ் பண்ணுவதானால் முதல் பிரேமிலிருந்தே ஒரே எண்ணில் எடுங்கள், லேபில் சொல்லிக் கொடுங்கள். இல்லையா, அபெர்ச்சரைத் திறங்கள், ஷட்டரைக் குறையுங்கள், ஸ்டாண்ட் போடுங்கள். அதுவும் போதாதென்றால் 800 ஏஎஸ்ஏ ரோல் வாங்குங்கள். பிளாஷ் போட்டால் ஷட்டர் வேகம் 1/250-ஐத் தாண்டக் கூடாது. ஆரம்பத்தில் வந்த எஃப்எம்2-வில் 1/200. தாண்டினால் படத்தில் ஒரு பக்கம் கருப்புப் பட்டை விழும். அதற்கும் ரிப்பேர் கேட்டு வருகிறார்கள்.

நம் ஊர் வீடுகளில் இன்னொரு வம்பு, முட்டைப்பூச்சுச் சுவர். அந்த வெள்ளையைச் சாம்பலாக்கத்தான் மீட்டர் பார்க்கும். பிரேம் முழுக்கச் சுவர் என்றால் மீட்டர் சொல்வதைவிட ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள்.

பேட்டரி தீர்ந்தால் மீட்டர்தான் போகும். ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். 1/4000 வரை பேட்டரி இல்லாமலே அடிக்கும். பட்டன் அமுங்கவில்லையா? ஃபிலிமை நகர்த்தும் வைண்டிங் லீவர் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். கொஞ்சம் வெளியே இழுங்கள், பூட்டு விடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கேமரா வாங்கும் தம்பிகளுக்கு: பின்கதவைத் திறந்து பாருங்கள், ஷட்டர் தகட்டில் மட்டும் தயவுசெய்து விரலை வைக்காதீர்கள். ரோல் போட்டு லீவரை இழுக்கும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் கொக்கியில் மாட்டவில்லை. 36 படமும் காற்றில் போகும். முடிவில் லீவர் இறுகினால் பலம் காட்டாதீர்கள். அடியிலுள்ள பட்டனை அமுக்கிவிட்டு ரீவைண்ட் குமிழைச் சுற்றுங்கள். சந்தேகமா, கதவைத் திறக்காமல் அப்படியே கடைக்குக் கொண்டு வாருங்கள்.