திரும்பித் திரும்பி ஓடும் கண்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாயார் கேட்டிருந்தார்: "மகள் நான்காம் ஆண்டு. தமிழைச் சத்தமாக, கடகடவென்று வாசிக்கிறாள். என்ன கதை என்று கேட்டால் முழிக்கிறாள். கொஞ்சம் கடினமான புத்தகமாக வாங்கித் தரலாமா?"

வேண்டாம் அம்மா. காரணம் கண்ணில் இருக்கிறது.

விழித்திரை, நரம்பு, மூளை எல்லாம் பள்ளியில் படித்ததுதான். வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். இல்லை, தத்துக்கிளி மாதிரி தாவுகிறது. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும். பிறகு ஒரு தாவல். அந்த 20 முதல் 40 மில்லிநொடி வரை மூளை காட்சியை அடக்கிவிடுகிறது. நம்பிக்கை இல்லையா? கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது!

தெரியாத சொல் வந்தால் கண் அதிக நேரம் நிற்கிறது, பின்னாலும் தாவுகிறது. வங்கியிலிருந்து வரும் மலாய்க் கடிதத்தில் என் கண் படும் பாடு அதுதான். தமிழில் இன்னொரு சங்கடம்: வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். அதுவரை முன்னால் வந்ததையெல்லாம் மனம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அது ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடியது நாலைந்து விஷயம்தான். நடுவில் இரண்டு இடறல் வந்தால், வினைச்சொல் வரும்போது யார் என்ன செய்தார் என்பதே நழுவியிருக்கும். உங்கள் மகளுக்கு நடப்பது இதுவாக இருக்கலாம். வாய் ஓடுகிறது, பிடி விட்டுப்போகிறது.

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத, அதைக் கற்பவர்களிடம் செய்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு, துணையின்றிப் புரிந்து வாசிக்க 100க்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்றது. 'போகவேண்டியிருந்ததால்' என்பதை ஒரே சொல்லாக எழுதும் நமக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கண்ணசைவுக் கருவி வைத்து நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் அளந்து பார்க்கலாம். வல்லாரை மாத்திரைக்கும் 'அதிவேக வாசிப்பு' முகாமுக்கும் கொட்டும் ரிங்கிட்டில் கொஞ்சத்தை அதற்கு ஒதுக்கினால் என்ன?

சரி, அதுவரைக்கும் விரல் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் புத்தகம் வாங்கப் போனால் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து மகளிடம் கொடுங்கள். மனத்துக்குள் வாசிக்கட்டும்; தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கட்டும். இரண்டு மூன்று என்றால் வாங்கலாம். ஐந்தும் மடங்கினால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், ஒரு விரல்கூட மடங்காத படக்கதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.